கடைசி ஸ்பிரிங்

நாமக்கல் புறவழிச்சாலையில் பள்ளமே கிடையாது. திறப்பு விழாவுக்கு வந்த அமைச்சர், காருக்குள் டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய், ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்று தொலைக்காட்சிக்காரர்களிடம் காட்டியிருந்தார். அப்படிப்பட்ட சாலையில், பட்டப்பகலில், அர்த்தநாரியின் பைக் திடீரென்று முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு துள்ளியது. பின்னால் கட்டியிருந்த முட்டை அட்டைகள் அவனோடு சேர்ந்து மேலே போய், அவன் கீழே வந்த பிறகு நிதானமாக வந்து சேர்ந்தன.

சாலையில் போன யாரும் ஆச்சரியப்படவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் மட்டும் வண்டியை ஒதுக்கிக்கொண்டே, "எவனோ பெரிய எடத்துப் பையன் மலையேறறானாட்ட இருக்குதுங்க. ஓரமா நில்லுங்க, இன்னும் ரெண்டு வரும்" என்றார். அவர் சொன்னபடியே இரண்டு வந்தன.

அர்த்தநாரி இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கரு வழியும் அட்டைகளை எட்டிப் பார்த்தான். அன்றைக்கு ஐந்து ஓட்டல்களுக்கு அவன் முட்டை போட வேண்டும். மிஞ்சியதை வைத்து ஒரு ஓட்டலுக்குப் போட்டால் அதிகம்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது. பைக்கின் முன்சக்கரத்தை இரண்டு குழாய்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன அல்லவா, அதற்கு ஃபோர்க் என்று பெயர். உள்ளே ஸ்பிரிங்கும் ஆயிலும் இருக்கும். சக்கரம் கல்லில் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும், ஆயில் அதன் வேகத்தை அடக்கும், மிச்சம் மீதி ஓட்டுகிறவரின் கைக்கும் முதுகுக்கும் வரும். மனிதகுலம் தலைமுறை தலைமுறையாக இந்த மிச்சத்தைச் சகித்துக்கொண்டு காலம் தள்ளியது. பஞ்சணை என்ற கம்பெனிக்குத்தான் மனசு பொறுக்கவில்லை. அடியை மிச்சமே வைக்காமல் முழுங்குகிற ஓர் ஆயிலை அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு தொல்லை. முழுங்கியதை அது எங்கேயாவது கக்கியாக வேண்டும். அதே நொடியில், அந்த வட்டாரத்தில் ஓடும் இன்னொரு பைக்கின் ஃபோர்க்கில் அதே ஆயில் அந்த அடியை அப்படியே கக்கிவிடும். எந்த பைக் என்பதை ஃபோர்க்கில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி வழியாக கம்பெனியின் கணினி தீர்மானிக்கும். விஞ்ஞானிகள் இதைக் குறைபாடு என்றார்கள். விற்பனைப் பிரிவினர் இதற்குத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டு திட்டங்கள். ஓங்கும் திட்டத்தில் சேர்ந்தால் சந்தா கட்ட வேண்டும், எந்தக் காட்டிலும் மேட்டிலும் மெத்தையில் போவதுபோலப் போகலாம். தாங்கும் திட்டத்தில் சேர்ந்தால் பைக் இலவசம். 'அவ்வப்போது சிறு அசைவுகள் உணரப்படலாம்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள்.

முதலில் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது. வழக்குக்கூடப் போட்டார்கள். 'சம்மதம்' என்ற பொத்தானை அவரவரே அழுத்தியிருப்பதால் யாரும் யாரையும் அடிக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. பாரத்தைப் பகிர்ந்துகொள்வது நம் பண்பாடு என்று பட்டிமன்றத்தில் ஒருவர் பேசி, பரிசும் வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு ஜனங்களுக்குப் பழகிவிட்டது. யாருடைய அடி யாருக்குப் போகிறது என்பது மட்டும் ரகசியம். டீக்கடையில் அதைப் பற்றிப் பெருமை பேசிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். "எனக்கு வர்றதெல்லாம் டீசன்ட்டான அடி மாப்ள. ஏதோ டாக்டரோடதா இருக்கோணும்" என்று ஒருவர் சொல்வார். "எனக்கு வர்றவன் ஸ்பீடு பிரேக்கரையே பாக்க மாட்டேங்கறான், போலீஸா இருப்பானோ?" என்று இன்னொருவர் கேட்பார்.

அர்த்தநாரிக்கு வருகிற அடிகள் டீசன்ட்டான வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை காற்றில் பறந்து வந்து விழுகிறவனின் அடிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் மிக அதிகம். அவன் மனைவி பூங்கோதை ராத்திரியில் அவனைக் குப்புறப் படுக்க வைத்து, தைலம் தேய்த்துக்கொண்டே, அந்தப் பெயர் தெரியாதவனின் ஏழு தலைமுறையையும் திட்டுவாள். "எந்த நாசமாப் போனவனோ! அவன் கையில கொள்ளி வைக்க!" அர்த்தநாரி தலையணைக்குள்ளிருந்து, "விடு அம்மிணி, அவனுக்கும் ஏதோ ஆசை" என்பான்.

கோதைக்கும் ஓர் ஆசை இருந்தது. லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் அவள் வெல்டர். மற்ற நேரமெல்லாம் எருமப்பட்டிக்குப் பக்கத்தில் கைவிட்ட கல்குவாரியில், மேடுபள்ளங்களில் தாவி ஓடும் மண் பைக் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுகிறவர்களில் ஒரே பெண் அவள்தான். பஞ்சணை கம்பெனி நடத்திய போட்டித் தொடரில் அவள் தேர்வானபோது, தொடர் முடியும்வரை ஓங்கும் திட்டத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்து இறுதிப் பந்தயம் வரை வந்துவிட்டாள். அதில் முதலில் வருகிறவருக்குக் கம்பெனியின் பந்தய அணியில் நிரந்தர வேலை. குடும்பத்தாருக்கு மருத்துவச் செலவும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். அந்தக் கடைசி வரிக்காகத்தான் கோதை இரவுபகலாக உழைத்தாள். அர்த்தநாரியின் முதுகுத்தண்டில் ஜவ்வு பிதுங்கிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குள் பலமாக ஓர் அடி விழுந்தால் கால் நிற்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தது. சேந்தமங்கலம் சாலையில் இருக்கும் யாசின் பாயின் பட்டறைக்கு பைக்கைக் கொண்டுபோனாள். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினைக்கும் சஸ்பென்ஷன்தான் காரணம் என்று நம்புகிறவர் பாய். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால்கூட யாருக்கு ஸ்பிரிங் இறுக்கம் என்று பார்ப்பார்.

"சீலு மாத்தியாச்சு தங்கச்சி. இந்த ஆயிலுக்கு வேற வேலையே கெடையாது. முன்னயெல்லாம் ஆளு எடை என்ன, ஓட்டறது மண்ணா கல்லான்னு கேட்டு, அதுக்குத் தக்கன ஸ்பிரிங் போட்டு, ஃபோர்க்குத் தலையில இருக்கற கிளிக்கர இப்படி ரெண்டு, அப்படி ரெண்டு திருகோணும். இப்ப சந்தா கட்டுனா ஆச்சு."

"அடியெல்லாம் எவனுக்குப் போவுதுன்னு கண்டுபுடிக்கவே முடியாதுங்களா பாய்?"

"கண்டுபுடிச்சு? மன்னிப்புக் கேக்கப் போறியா?"

"அவனுக்கு வண்டி ஓசிதானுங்களே" என்றாள் கோதை. அவள் கெட்டவள் இல்லை. நாமும் அவள் இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்போம்.

அந்த நேரத்தில் அர்த்தநாரி அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து, எதிர்ப்பக்க டீக்கடை நிழலில் பைக்கை நிறுத்தி, சுவிட்சை அணைக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். தாங்கும் பைக்கில் தினமும் இத்தனை மணி நேரம் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கையில் டீ.

பாய் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கோதையின் பைக்கை ஹேண்டில்பாரோடு சேர்த்து ஓங்கி ஓர் அமுக்கு அமுக்கினார். ஃபோர்க் சத்தமில்லாமல் இறங்கி ஏறியது.

வெளியே "ஐயோ!" என்று குரல் கேட்டது.

பாய் மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் "ஐயோ!" டீ கிளாஸ் உடைகிற சத்தமும் கேட்டது. கோதை வாசலுக்கு வந்து பார்த்தாள். சட்டையெல்லாம் டீயோடு, கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அடுத்தது எப்போது வருமோ என்று அர்த்தநாரி விழித்துக்கொண்டிருந்தான்.

"பாய்" என்றாள், புருஷன் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொருக்கா மெதுவா அமுக்குங்க."

அர்த்தநாரி மெதுவாக ஒருமுறை எழும்பி உட்கார்ந்தான்.

கோதை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் குவாரியின் பெரிய பள்ளத்தில் சிரித்துக்கொண்டே பாய்ந்ததும், ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டே திட்டியதும் ஒன்றாக ஞாபகம் வந்தன. அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. அர்த்தநாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தான். கோதை விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப அந்த ரெண்டு ரெண்டா வர்றதெல்லாம் நீதானா? நல்லாத்தான் தாவறே அம்மிணி" என்றான். அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது.

கம்பெனிக்கு போன் போட்டார்கள். போட்டியாளர்களைக் கவனித்துக்கொள்ளும் நிவேதன் என்ற இளைஞன் தேன் ஒழுகப் பேசினான்.

"ஆமாம் மேடம், ரெண்டு பேரும் ஒரே மொபைல் நம்பர் கொடுத்திருக்கீங்க."

கோதைக்குத் தனியாக நம்பர் உண்டு. ஆனாலும் ரேஷன், கேஸ், பேங்க் என்று எது கேட்டாலும் வீட்டு நம்பர் என்று அர்த்தநாரியின் எண்ணைத்தான் கொடுப்பது வழக்கம். போட்டிக்கும் யோசிக்காமல் அதையே கொடுத்திருந்தாள்.

"நம்பர் ஒண்ணா இருந்தா? அதுக்காக எங்க ஊட்டுக்காரரு தலையிலயே போடுவீங்களா?"

"அதுதான் மேடம் எங்க சிஸ்டத்தோட சிறப்பே. ஒரே குடும்பத்துக்குள்ள கோத்துவிட்டா புகாரே வர்றதில்ல. எங்க ஆய்வுல ரொம்பத் திருப்தியா இருக்கிற பிரிவு கணவன் மனைவிதான்."

"ஒடனே மாத்திக் குடுங்க."

"தாராளமா மாத்தலாம். தொடர் முடியட்டும்."

"அவரு வண்டிய வேண்டாம்னு திருப்பிக் குடுத்தா?"

"கொடுக்கலாமே. ஒப்பந்தத்துல மீதி இருக்கிற மாசங்களுக்கான அடிகளை ஒரே தவணையா வாங்கிக்கிட்டு விலகிக்கலாம்."

"பந்தயத்தன்னிக்கு அவரு வண்டியில உக்காரலீன்னா?"

"அதை மட்டும் செய்யாதீங்க மேடம். உங்க ஃபோர்க் இறுகிப் பூட்டிக்கும். பள்ளத்துல விழுந்தா தலைகுப்புறத் தூக்கிப் போட்டுடும். உங்க பாதுகாப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

போனை வைத்ததும் பாய் விளக்கினார். "ஆளில்லாத வண்டியில அடி முடியாது தங்கச்சி. போற எடமில்லாம திரும்பிடும். சக்கரம், ஸ்பிரிங்கு, ஆயிலு எல்லாம் தாண்டி, மனுசன் ஒடம்புல போய்த்தான் அடி அடங்கும். அவனுங்க கணக்குப்படி ஒடம்புதான் கடைசி ஸ்பிரிங்கு."

"நான் உக்காந்துக்கறேன். ஒரு நாள்தானே. வேலை கெடச்சா அப்பறம் ஆபரேஷனே ஓசி" என்றான் அர்த்தநாரி.

"வாய மூடுங்க. நான் பந்தயத்துக்கே போகலீங்க" என்றாள் கோதை.

அன்று மாலை பாய் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு யோசனை வந்துவிட்டது. பெட்டியைக் கழற்றிவிட்டு, பஞ்சணை ஆயிலை ஒட்ட வடித்துவிட்டு, பழைய காலத்து இரும்பு ஸ்பிரிங்கும் சாதாரண ஆயிலும் போடுவது என்று சொன்னார். வெளியே கம்பெனி ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். அடி கோதையோடு நின்றுவிடும்.

இரண்டு பேரும் வாரம் முழுவதும் குவாரியில் கிடந்தார்கள். பாய் அவளை ஹெல்மெட், பூட்ஸோடு பைக்கில் உட்கார வைத்து, ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். முதலில் போட்ட ஸ்பிரிங் மெலிது. பள்ளத்தில் விழுந்தால் டம்மென்று தரை தட்டியது. தடித்ததைப் போட்டார். இப்போது ஒவ்வொரு கூழாங்கல்லும் அவள் முழங்கைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஆயிலைக் கொஞ்சம் கூட்டி, கிளிக்கரைத் திருகித் திருகி, பாய் கடைசியில் திருப்தியடைந்தார். கோதைக்கு உள்ளங்கையெல்லாம் கொப்புளம். இத்தனை நாள் தான் என்ன ஓட்டியிருக்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. கல்லைப் பார்த்து விலகத் தெரியவில்லை, எங்கே பிரேக் பிடிப்பது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொண்டாள்.

ஞாயிறு காலை கிளம்பும்போது அர்த்தநாரியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பாய் சாதா ஆயில் ஊத்திட்டாருங்க. ஒங்களுக்கு ஒண்ணும் வராது. நீங்க பாட்டுக்குப் படுத்துக்கங்க."

"அப்படியா?" என்றான் அர்த்தநாரி. அவன் சிரித்த விதத்தில், இவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவன் நம்பவில்லை என்று புரிந்துகொண்டிருக்கலாம். அவசரத்தில் கோதை கவனிக்கவில்லை.

குவாரியைச் சுற்றிக் கூட்டம் நிரம்பி வழிந்தது. அவளுக்குச் சரிசமமாக வந்தவன் கோயம்புத்தூர் மில் முதலாளியின் மகன் பிரணவ். சோபாவில் சாய்ந்து டிவி பார்ப்பவன்போல அவன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். கற்கள் குவிந்த இடத்திலும் அவன் சூயிங்கம் மென்றுகொண்டு போனான். கோதைக்கு ஒவ்வொரு அடியும் மணிக்கட்டில் ஏறித் தோளில் போய் உட்கார்ந்தது. வலித்தபோதெல்லாம், இது இங்கேயே இருக்கிறது, வீட்டுக்குப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் இன்னும் வேகமாக ஓட்டினாள்.

கடைசிச் சுற்றில் அவள்தான் முன்னால் இருந்தாள். பெரிய பள்ளம் வந்தது. சாதா ஃபோர்க்கில் அந்த உயரத்திலிருந்து முழு வேகத்தில் விழுந்தால் கை பெயர்ந்துவிடும். பாய் சொல்லிக் கொடுத்தபடி விளிம்பில் ஒரே ஒரு தரம் பிரேக்கைத் தொட்டாள். பிரணவ் தொடவில்லை. அவள் தலைக்குப் பக்கத்தில் பறந்துபோய், கீழே கல்லின் மேல் தொப்பென்று விழுந்து, கொட்டாவி விடுகிறவன்போல நகர்ந்து போனான். ஒரு சக்கர இடைவெளியில் கோதை இரண்டாவதாக வந்தாள்.

மேடையில் பிரணவ் மைக்கைப் பிடித்து, "ஒரு அலுங்கல் இல்லங்க, ஒரு குலுங்கல் இல்லங்க" என்றான். வேலை தனக்கு வேண்டாம் என்றும், ஆசைக்காகத்தான் ஓட்டியதாகவும் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். கோதைக்கு இரண்டாம் பரிசாக ஓங்கும் திட்டத்தில் ஒரு வருடச் சந்தா அறிவித்தார்கள். அட்டையில் பெரிதாக அச்சடித்து நிவேதன் கொண்டுவந்து நீட்டினான். பிறகு அவள் காதருகே குனிந்து பேசினான்.

"உங்க பெட்டி வேலை செய்யலேன்னு எங்களுக்குத் தெரியும் மேடம். பரவாயில்ல, நடவடிக்கை ஒண்ணும் எடுக்கல. எங்களுக்கும் உதவியாத்தான் இருந்துச்சு. பிரணவ் சாரோட தாங்குநர் போன வாரம் ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டாரு. கடைசி நேரத்துல ஆள் இல்லாம தவிச்சுட்டோம். உங்க வீட்டுக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தாரா, வீணாக்க வேண்டாமேன்னு சிஸ்டம் அவரை பிரணவ் சாருக்கு ஒதுக்கிடுச்சு."

"அவரு உக்காரல. ஊட்ல படுத்திருக்காரு" என்றாள் கோதை.

"இல்லியே மேடம். பந்தயம் ஆரம்பிச்சதுலேர்ந்து வண்டியிலதான் இருந்தாரு. ஒரு தரம்கூட இறங்கல. அருமையான தாங்குநர்."

கோதை அட்டையை மேடையிலேயே போட்டுவிட்டு ஓடினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய் எதிரே வந்துகொண்டிருந்தார். கையில் போன். பக்கத்து வீட்டிலிருந்து அழைத்திருக்கிறார்கள் என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

மருத்துவமனையில் அர்த்தநாரியை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி அவன் பாதத்தில் பேனா முனையால் கோடு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை. நர்ஸ் இன்னொரு முறை அழுத்தி இழுத்துவிட்டு, பேனாவை மூடிக்கொண்டு போனாள். கோதையைப் பார்த்ததும் அவன் சிரித்தான்.

"சாதா ஆயிலாமா, சாதா ஆயில்! என்னைப் படுக்க வெக்கறதுக்கு நீ சும்மா சொல்றேன்னு எனக்குத் தெரியாதா? மொத அடி வந்ததுமே தெரிஞ்சு போச்சு."

கோதை கட்டிலருகே வந்து நின்றாள்.

"அந்தப் பெரிய பள்ளத்துல பிரேக்கே தொடாம விழுந்தே பாரு, அங்கதான் கொஞ்சம் சொல்லிட்டுப் போச்சு. கண்ணு இருட்டிக்கிச்சு. எறங்கீர்லாம்னுகூடப் பாத்தேன். எறங்கினா ஒனக்கு ஃபோர்க்கு பூட்டிக்குமேன்னு கெட்டியா உக்காந்துக்கிட்டேன்." அவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான். கொப்புளங்கள் விரலில் பட்டிருக்க வேண்டும், ஆனால் அதைப் பற்றி அவன் கேட்கவில்லை. "செயிச்சாச்சா?"

"செயிச்சாச்சுங்க."

"அப்பச் சரி. வேற எவனோடதாவது இருந்தா அத்தனையும் தாங்கியிருக்க மாட்டேன் அம்மிணி. உன்னோடதுதானேன்னுதான்..."

கோதை போர்வையை இழுத்து அவன் பாதங்களை மூடினாள். பிறகு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆமாங்க" என்றாள். "என்னோடதுதான்."